பிள்ளை வரோணும்

பத்து எண்களைச் சொல்லி முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். சில நாள் அரை மணி நேரம்கூட ஆகியிருக்கிறது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சிரித்தவர்களில் முதல் ஆள் நான்தான்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசாங்கம் விலையில்லா மடிக்கணினி கொடுத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. கொரோனாவுக்கு முந்தைய காலம். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் தாவரவியல் ஆசிரியை, அவர் கணினி ஆசிரியை. அந்த மடிக்கணினிகளுக்குள் ஒரு பூட்டு உண்டு. திருட்டுப் போகக் கூடாது, விற்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. இத்தனை நாளுக்கு ஒரு முறை பள்ளிக்கூடத்தோடு தொடர்பு இல்லையென்றால் அது தானாகவே பூட்டிக்கொள்ளும். திறந்தால் வெறும் நீலத்திரை, அதில் நீளமாக ஓர் எண், குறியீடு கேட்டு ஒரு கட்டம். பள்ளியில் பொறுப்பாசிரியர் அந்த எண்ணை இணையதளத்தில் போட்டால் பத்து இலக்கத்தில் இன்னோர் எண் வரும். அதைத் தட்டினால் திறந்துவிடும். ஒரு நிமிட வேலை. நேரில் வரக்கூட வேண்டாம், போனில் கேட்டுப் போனிலேயே சொல்லிவிடலாம்.

அவர் சொல்ல மாட்டார். "பிள்ளை வரோணும்" என்பார். அப்பா வந்தால், "பொட்டி வந்தாப் பத்தாதுங்க, பிள்ளை வரோணும்." அண்ணன் வந்தால், "நீ எதுக்கு சாமி வந்த? அவளக் கூட்டியா." கூட வந்தவர்கள் யாரும் ஆய்வகத்துக்குள் வரக் கூடாது. "கோட் நம்பரு ரகசியம்ங்க. வெளியாளுங்க பாத்தா என் வேலை போயிரும்" என்று சொல்லி, வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்கார வைத்துவிடுவார். உள்ளே அந்தப் பெண்ணும் அவரும் மட்டும். அவர் ஓர் எண்ணைச் சொல்வார், அவள் தட்டுவாள். பிறகு பேச்சு. பிறகு அடுத்த எண். யாராவது ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "சட்டம் அப்படிங்க."

அவர் இராசிபுரத்துக்காரர். வீட்டில் விசைத்தறி. அந்தச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்ததால் ரகசியம் பேசினாலும் அடுத்த வகுப்பில் கேட்கும். ஆனால் அந்தக் கால் மணி நேரம் மட்டும் ஆய்வகத்திலிருந்து ஒரு சத்தமும் வெளியே வராது. மதியம் தனியாகச் சாப்பிடுவார். யாருடைய குழம்பும் வேண்டாம், தன் குழம்பையும் யாருக்கும் கொடுக்க மாட்டார். பிறந்தநாள் கேக் வெட்டினால் கைதட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட தற்காலிக வேலை அவருடையது. நாளைக்கு வர வேண்டாம் என்றால் வரக் கூடாது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒருவர் எல்லாரோடும் இணங்கிப் போவார் என்றுதானே நினைப்போம்? இவர் தலைமையாசிரியரிடமே முறைப்பார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் தம்மம்பட்டிக்காரி. எங்கள் பக்கம் பேச்சில் இவ்வளவு 'ங்க' கிடையாது. ஒருவர் 'ங்க' போட்டுப் போட்டே இவ்வளவு பிடிவாதமாகப் பேச முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

ஒரு முறை, ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டி முதலாளி ஒருவர் வந்தார். ஆந்திராவில் போர் போட்டுக்கொண்டிருந்த வண்டியை விட்டுவிட்டு இரண்டு நாளுக்கு ஊர் வந்தவர். கையில் மகளின் மடிக்கணினி.

"ஏனுங்க, நாளைக்கு நான் கெளம்போணும்ங்க. நீங்க அந்த நம்பரைச் சொல்லீட்டீங்கன்னா சோலி முடிஞ்சுது."

"நீங்க கெளம்புங்க. பிள்ளை ஊட்டுலதான இருக்குது? அது வரட்டும்ங்க."

"அது எதுக்குங்க வருது? பத்து நிமிசத்து வேலைக்கு ஒரு வயசுப் பிள்ளைய பஸ்ஸேத்தி உடோணுங்களா?"

"சட்டம் அப்படிங்க."

அவர் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டார். தலைமையாசிரியர் வந்து, "டீச்சர், முக்கியமானவருங்க, சொல்லிடுங்களேன்" என்றார். இவர் நாற்காலியை விட்டு எழுந்தார், எழுந்து நின்று அதே வாக்கியத்தைச் சொன்னார். மறுநாள் அந்தப் பெண் வந்தாள். ஒரு வாரம் கழித்து ரிக் முதலாளியின் மனைவி ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து, "காலேஜு சீலு வாங்கியாந்துட்டனுங்க. இனிப் பூட்டாதுங்களா?" என்று கேட்டார். கல்லூரியில் சேர்ந்து முத்திரை வாங்கி வந்தால்தான் முழுசாகத் திறக்கும் என்று இவர் சொல்லியிருக்கிறார்! அப்படி ஒரு விதியை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஏதோ புது சுற்றறிக்கை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பையன்கள் அவரிடம் வருவதே இல்லை. கடைவீதியில் ஒரு மொபைல் கடைக்காரன் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துப் பூட்டை உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பையன்கள் படம் பார்க்கவும் விளையாடவும் அங்கே உடைத்துக்கொண்டார்கள். தெரிந்தும் அவர் கண்டுகொள்ளவில்லை. சட்டம் சட்டம் என்கிறவர் இதை மட்டும் ஏன் விடுகிறார் என்று நான் ஒரு தடவை குத்திக் கேட்டேன். "அவனுங்க எங்க வேணா போவானுங்க டீச்சர். அவனுங்களுக்குப் பூட்டு எதுக்கு?" என்றார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை, விளங்கிக்கொள்ள முயற்சி செய்யவும் இல்லை.

ஓர் ஆனி மாதம். அவருடைய அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, சேலத்தில். மூன்று நாள் விடுப்பு. பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்தார். கடவுச்சொல்லை எழுதிக் கொடுக்கும்போது இவர் என்னிடம் சொன்னார்: "யார் வந்தாலும் பிள்ளை வரோணும்னு சொல்லீருங்க டீச்சர். நான் வந்து பாத்துக்கறேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்."

'நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்' என்றதுதான் எனக்குச் சுருக்கென்றது. எம்.எஸ்ஸி. படித்து, தேர்வெழுதி, நிரந்தரப் பணியில் பத்து வருடம் இருப்பவள் நான். எனக்கு ஒரு பத்து இலக்க எண்ணைச் சொல்லத் தெரியாதா? அன்றைக்கே கோப்பை எடுத்துச் சுற்றறிக்கைகளை முதலிலிருந்து படித்தேன். பிள்ளை நேரில் வர வேண்டும் என்று எங்கேயும் இல்லை. கல்லூரி முத்திரையும் இல்லை. படிப்பை முடித்துவிட்ட மாணவர்களுக்கு நிரந்தரமாகவே பூட்டை நீக்கிக் கொடுக்கலாம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதற்கென்று இணையதளத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அவர் ஒரு பெண்பிள்ளைக்குக்கூட அதை அழுத்தியதில்லை. கேட்ட தலைமையாசிரியரிடம் "அது வேலை செய்யறதில்லைங்க சார்" என்று சொல்லியிருந்தார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. மாட்டினார் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் காலையில் ஓர் இளைஞர் வந்தார். மேச்சேரிப் பக்கம். செம்மறி ஆட்டு வியாபாரம். அந்த வருடம் எங்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்த கோகிலாவின் கணவர். கோகிலாவை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் பெஞ்சு, தாவரவியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பதினெட்டு முடிந்து இரண்டாவது மாதம் கல்யாணம் செய்துவிட்டார்கள். அதனால் யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. நானும் போய் மொய் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

"கோகிலா வரலையாப்பா?"

"மேலுக்குச் சரியில்லைங்க டீச்சர். நேத்துல இருந்து அழுவறா, நானும் வாரேன், நானும் வாரேன்னு. பஸ்ஸு மாறி மாறி வரோணும், எதுக்குன்னு நாந்தான் உட்டுட்டு வந்தனுங்க."

பேச்சில் ஒரு முரட்டுத்தனமும் இல்லை. மனைவிக்கு உடம்புக்கு முடியாதென்று தான் மட்டும் மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். வெயிலில் முகம் கருத்துப் போயிருந்தது. இவரைப் போய்த் திருப்பி அனுப்புவதா? எண்ணைப் போட்டேன், குறியீடு வந்தது, தட்டினேன், திறந்துகொண்டது. தேதியைப் பார்த்தால் மூன்று வருடம் தள்ளிக் காட்டியது. தேதி முன்னால் ஓடினால் இந்தப் பூட்டு உடனே விழும். "யாரோ தேதியை மாத்திட்டாங்கப்பா, அதான் பூட்டிக்கிச்சு" என்று சிரித்துக்கொண்டே சரிசெய்தேன். அதோடு விட்டேனா? நிரந்தரப் பொத்தானையும் அழுத்தினேன்.

"இனிமே எப்பவும் பூட்டாது. நீங்க இவ்வளவு தூரம் அலையவே வேண்டாம்."

"புண்ணியமாப் போவுமுங்க டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று முழுக்க நான் நல்ல மனநிலையில் இருந்தேன்.

நான்காம் நாள் விடுப்பு முடிந்து அவர் வந்ததும் முதல் வேலையாகச் சொன்னேன். நானே போய் ஆய்வக வாசலில் நின்று சொன்னேன். ஒரு நிமிட வேலை டீச்சர், சுற்றறிக்கையைப் படித்துவிட்டேன் டீச்சர் என்று.

"கோகிலா வந்தாளா?"

"இல்ல, அவ வீட்டுக்காரர் வந்தார்."

"தேதி என்ன காட்டுச்சுங்க?"

சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று நான் தயாராக இருந்தேன். வரவில்லை. "நாளைக்குக் கடைசி நாள்ங்க டீச்சர்" என்றார்.

அப்புறம்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. கல்யாணமாகி மூன்றாவது வாரம் கோகிலாவின் மடிக்கணினி ஒரு முறை தானாகவே பூட்டிக்கொண்டிருக்கிறது. மாமியார் கூட்டிக்கொண்டு வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே, நாலாவது எண்ணுக்கும் ஏழாவது எண்ணுக்கும் நடுவில், சேலம் மகளிர் கல்லூரிக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் படிக்க வைக்கிறோம் என்றவர்கள், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லையாம். அவளிடம் போன் கிடையாது. சேர்க்கை எந்த வாரம் என்று இவர் குறித்துக் கொடுத்து, ஒரு வழியும் சொல்லி அனுப்பியிருக்கிறார்: அந்த வாரம் வந்ததும் மடிக்கணினியில் தேதியை மாற்றிவிடு, பூட்டிக்கொள்ளும், உன்னைக் கூட்டிக்கொண்டு வராமல் முடியாது. வந்துவிட்டால், கல்லூரி முத்திரை இல்லாமல் இந்தப் பூட்டு இனித் திறக்காது என்று சொல்லி, கணவரையும் மாமியாரையும் வைத்தே அவளைக் கல்லூரியில் சேர்த்துவிடுவது. ரிக் முதலாளியின் வீட்டில் செய்தது அதைத்தான். இன்னும் எத்தனை வீட்டில் செய்தாரோ, எனக்குத் தெரியாது.

கோகிலா தன் பங்கைச் சரியாகச் செய்திருந்தாள்.

"ஏன் டீச்சர், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது?

"ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா அது சட்டமா இருக்காதுங்க" என்றார்.

பள்ளியில் இருந்த அவளுடைய மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, தலைமையாசிரியரிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் பஸ் ஏறினோம். நான் வருகிறேன் என்றபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சேலத்தில் இறங்கி, ஓமலூரில் மாறி, மேச்சேரிக்குப் போகும்வரை அவர் பேசியது ஒரே ஒரு தடவைதான். "இந்தப் பிள்ளைங்க ஸ்கூல் கேட்டத் தாண்டிப் போயிருச்சுன்னா, வெளிய வா சாமின்னு கூப்புட நமக்கு என்ன உரிமை இருக்குதுங்க? இந்தப் பூட்டு ஒண்ணுதான் இருந்துச்சு."

வீட்டில் நன்றாகத்தான் வரவேற்றார்கள். முற்றத்தில் பட்டி, செம்பழுப்பு ஆடுகள், வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டில். மாமனார் எழுந்து நின்று, "வாங்க டீச்சரம்மா, உக்காருங்க" என்றார். மாமியார் மோர் கொண்டுவந்தார். கோகிலா கதவோரம் நின்றாள். காய்ச்சல் எதுவும் இல்லை. கண் மட்டும் வீங்கியிருந்தது.

இவர் சுற்றி வளைக்கவில்லை. சீட்டுக் கிடைத்திருக்கிறது, நாளைக்குள் சேர வேண்டும், அரசுக் கல்லூரி, பெரிய செலவில்லை, இங்கிருந்து காலையில் நேர் பஸ் இருக்கிறது என்று சொன்னார்.

மாமனார் பொறுமையாகக் கேட்டார். "நாங்க வேண்டாங்கலீங்க. அவளைக் கேளுங்க. போறேன்னா போவட்டும்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கணவர், மாமியார், மாமனார், ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த ஓர் உறவுக்காரர், நாங்கள் இரண்டு பேர்.

"படிக்கலீங்க டீச்சர்" என்றாள்.

இவர் அவளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "சரி சாமி. வந்ததுதான் வந்தேன், அந்த லேப்டாப்ப எடுத்துட்டு உள்ள வா. ஒரு கோட் நம்பர் போடோணும். உங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க, இங்கயே இருங்க, கால் மணி நேரம்" என்று எழுந்தார்.

கணவர் என்னைக் காட்டிச் சிரித்தார். "அது இனிப் பூட்டாதுங்களே! இந்த டீச்சர்தான் அன்னிக்கே எல்லாம் பண்ணிக் குடுத்துட்டாங்களே."

எழுந்தவர் அப்படியே நின்றார். உள்ளே போக ஒரு காரணமும் மிச்சமில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் அப்படி நான் குனிந்ததில்லை. கோகிலா என்னைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது, நான் அவளைப் பார்க்கவில்லை.

சான்றிதழ்களை இவர் அவள் கையில்தான் கொடுத்தார். மாமனார் நீட்டிய கையில் கொடுக்கவில்லை. வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டாள். தமிழில் முழுப்பெயராகப் போட்டாள். நாங்கள் மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும் பஸ்ஸில் ஓமலூர் தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"அழுவாதீங்க டீச்சர். எல்லாரும் பாக்கறாங்க" என்றார், பஸ் முழுக்கக் கேட்கும்படியாக. கொஞ்சம் கழித்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்களைச் சொல்லி என்னங்க? அவ கூப்புட்டது என்னைய. நாந்தான் அங்க இல்லை."

அடுத்த நாள் அவர் பள்ளிக்கு வரவில்லை. விடுப்புக் கடிதமும் இல்லை. தலைமையாசிரியர் இரண்டு முறை கேட்டார். மறு வருடம் அவரை எடுக்காமல் விட்டதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் குமாரபாளையத்தில் ஏதோ தனியார் பள்ளியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. போயிருக்க வேண்டும்.

வராத நாளுக்கு அடுத்த நாள் வந்தார். மதியம் அவர் தனியாகச் சாப்பிடுகிற இடத்துக்கு நானே போய் எதிரில் உட்கார்ந்து, நேற்று எங்கே டீச்சர் என்று கேட்டேன். கல்லூரியில்தான் இருந்தாராம். காலை ஒன்பது மணிக்குப் போய் வாசலுக்கு உள்ளே புங்கமரத்தடியில் உட்கார்ந்தவர், சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டும்வரை இருந்திருக்கிறார். ஐந்து மணிக்கு கோகிலாவின் இடத்தைப் பட்டியலில் அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு விண்ணப்பத்தில் எங்கே கையெழுத்துப் போடுவதென்று தெரியவில்லை, இவர்தான் காட்டிக் கொடுத்தாராம்.

"அவ வருவான்னு நினைச்சீங்களா டீச்சர்?"

"இல்லீங்க" என்றார். தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "ஆனா வந்தா, யாராச்சும் இருக்கோணுமில்லீங்க."